ஏழு கலர் மண்ணும் எங்கம்மா கலரும்

நேத்து ராத்திரிதான் அந்த லிங்க் வந்துச்சு. மொரீஷியஸ்ல ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பீச்ல ஒரு போட்டோகிராஃபர் எங்க குடும்பத்த வச்சு எடுத்த 30 போட்டோ. 4,000 ரூபா குடுத்தேன், அதுவும் மொரீஷியஸ் ரூபா, நம்ம காசுல பாத்தா கிட்டத்தட்ட ரெட்டிப்பு, ரெண்டு நாள் சாப்பாட்ட சுருக்கி எடுத்து வச்ச காசு அது. ஊருக்கு வந்து பத்து நாள் ஆனப்புறம் அனுப்பிருக்கார். திறந்து பாத்தா எங்கம்மா வெள்ளையா இருக்காங்க.

கொஞ்சம் பளிச்சுன்னு எல்லாம் இல்லங்க, வேற ஆளு. எங்கம்மா மதுரைல 30 வருஷம் பி.டி. டீச்சரா மைதானத்துலயே நின்னவங்க, நல்ல கறுப்பு, அந்தக் கறுப்புல நெத்தி விபூதி தனியா தெரியும். போட்டோல விபூதி எங்க முடியுது நெத்தி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. என் பொண்ணும் அப்படியே பாட்டி கலர். அவளையும் மாவு பூசின மாதிரி ஆக்கிட்டார். பதினோரு வயசுப் புள்ள, போன வாங்கிப் பாத்துட்டு "இப்படி இருந்தாதான் நல்லாருக்கும்னு அந்த அங்கிள் நினைச்சாராம்மா"ன்னு கேட்டா, எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

காத்ர் போர்ன்ங்கிற ஊர்ல நாங்க தங்கின வீட்டு அக்காவுக்கு அதுல ஒரு படத்த அனுப்பினேன். அவங்க நாலஞ்சு தலைமுறையா மொரீஷியஸ் தமிழர், வீட்ல பேசுறது க்ரியோல், தமிழ்ல "வாங்க, சாப்டுங்க", அப்புறம் தேவாரம் ரெண்டு பாட்டு, அவ்ளோதான் வரும். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, "கிசான்லா சா?" அப்படின்னா இது யாருன்னு அர்த்தம். பத்து நாள் எங்கம்மா கூட உக்காந்து காய் நறுக்கின மனுஷி கேக்குறாங்க.

பட்ஜெட்ல மொரீஷியஸ் எப்படிப் போறது, டிக்கெட், விசா, பஸ் எல்லாம் எழுதுறேன்னு சொல்லிட்டுப் போனேன், அது அடுத்த தடவ. இப்ப போட்டோ பத்திதான்.

முதல் தப்பு நேரம். டிசம்பர் லீவுல போனோம். மொரீஷியஸ் தெற்கு 20 டிகிரில இருக்கு, டிசம்பர்ல சூரியன் மகர ரேகை பக்கம் போயிடும், அதனால மத்தியானம் நேரா உச்சந்தலைக்கு மேலதான் நிக்கும். கண்ணுக்குக் கீழ, மூக்குக்குக் கீழ கருப்புப் பள்ளம் விழும், யாரை நிறுத்தினாலும் நோயாளி மாதிரி இருப்பாங்க. ஆனா வண்டிக்காரங்க ரூட் அப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க. காலைல கங்கா தலாவ் ஏரிக்கரை சிவன் சிலை, உச்சி வெயில்ல ஏழு கலர் மண்ணு இருக்கிற ஷமரெல், சாப்பிட்டு லெ மோர்ன் மலை. நான் மாத்திக் கேட்டேன், எங்க வண்டிக்காரர் முடியாதுன்னுட்டார். எல்லாம் சேத்துதான்னு பேசின ரேட்டுக்கு மேல சாயங்காலம் பார்க்கிங், வெயிட்டிங்னு இன்னொரு 800 ரூபா கேட்டார் பாருங்க, அப்பவே வயிறு எரிஞ்சுது. ஷமரெல் நுழைவுச் சீட்டும் நம்ம தலைலதான். ரேட் பேசும்போதே பேப்பர்ல எழுதி வாங்கிடுங்க, எந்த இடத்துக்கு எத்தன மணிக்குங்கிறதும் சேத்து.

ஷமரெல் ஏழு கலர் மண்ணு உண்மையிலேயே அதிசயம்தான், குறை சொல்ல மாட்டேன். எரிமலைப் பாறை மக்கி களிமண்ணாகி, அதுல மிஞ்சின இரும்பு சிவப்பும் காவியும் குடுக்குது, அலுமினியம் நீலம், ஊதா பக்கம் இழுக்குது. வேலிக்கு வெளிய நின்னுதான் பாக்கணும், மண்ணுல கால் வைக்க விட மாட்டாங்க. சூரியன் சாய்வா இருக்கும்போது மேடு பள்ளத்துல நிழல் விழுந்து ஒவ்வொரு கலரும் பிரிஞ்சு தெரியும், நாங்க போன நேரத்துக்கு எல்லாம் ஒரே செங்கல் நிறம். அதனாலதான் நெட்ல பாக்குற ஷமரெல் படம் பாதி சாச்சுரேஷன, அதாவது கலர் அழுத்தத்த, ஏத்தி ஏத்தி பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு. ஏறின கலர் மண்ணோட நிக்காது, முன்னாடி நிக்கிற ஆளு மூஞ்சியும் ஆரஞ்சாயிடும். அப்ப என்ன பண்றாங்க, மூஞ்சிய மட்டும் வெளுக்குறாங்க. மண்ணுக்கு ஏழு கலரும் வேணும், நமக்கு மட்டும் இருக்கிற ஒரு கலரும் கூடாதா? எனக்குக் கோவம் இதுலதான்.

இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. ஃபிலிம் காலத்துல கோடாக் ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு லேபுக்கெல்லாம் அனுப்புமாம், ஒரு வெள்ளக்காரப் பொண்ணு படம், அவ தோல் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு கணக்கு. கறுப்புத் தோல் ரொம்ப வருஷம் அந்தக் கணக்குலயே இல்ல. 2021ல கூகுள் பிக்சல் 6ல ரியல் டோன்னு ஒண்ணு கொண்டுவந்து இதச் சரி பண்ணப் பாத்தாங்க, என்கிட்ட அந்த போன் இல்ல, இருக்கிறத வச்சு நானே கத்துக்கிட்டேன்.

வெள்ள மணல்ல ஆள நிறுத்தினா போன் மணல் வெளிச்சத்தப் பாத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், மூஞ்சி இன்னும் கறுத்துடும். அப்புறம் எடிட்ல பிரைட்னஸ இழுத்தா எல்லாம் சாம்பல் பூத்துப் போகும். அதுக்கு பதிலா மூஞ்சில விரல் வச்சு ஃபோகஸ லாக் பண்ணிட்டு எடுங்க. அதவிட நல்லது சவுக்கு நிழல். மொரீஷியஸ் பீச் முழுக்க நம்ம ஊர் மாதிரியே சவுக்கு மரம்தான், அந்த நிழலோட ஓரத்துல அம்மாவ உக்கார வச்சேன், முன்னாடி கெடக்கிற மணல்ல பட்ட வெளிச்சம் கீழருந்து மூஞ்சிக்கு வந்து விழுந்துச்சு பாருங்க, எந்த ரிஃப்ளெக்டரும் வேணாம், அம்மா கன்னம் சந்தனக்கட்டை தேச்ச கல்லு மாதிரி மின்னுச்சு. கடல் கலருக்கு என் வீட்டுக்காரரோட போலரைஸ்டு கூலிங் கிளாஸ கேமரா முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்பினேன், தண்ணி மேல இருந்த பளபளப்பு போயி அடியில இருக்கிற பச்சை தெரிஞ்சுது. செலவு இல்ல.

எடிட்டுக்கு ஸ்னாப்சீட், லைட்ரூம்னு ரெண்டு ஆப், ரெண்டுமே காசு குடுக்காம போன்ல போதும். முதல்ல போன்ல பியூட்டி மோட ஆஃப் பண்ணுங்க, பல போன்ல வாங்கும்போதே அது ஆன்லதான் இருக்கு. லைட்ரூம்ல கலர் மிக்ஸ்ல நம்ம தோல் உக்காந்திருக்கிறது ஆரஞ்சுல. ஆரஞ்சு லூமினன்ஸ, அதாவது அந்தக் கலரோட வெளிச்சத்த, ஏத்தினா ஆளு வெளுத்துப் போவாங்க, அத தொடவே தொடாதீங்க. கடல் கலர் வேணும்னா நீலத்தையும் அக்வாவையும் மட்டும் தனியா கூட்டிக்கங்க. மொத்தமா கலர் வேணும்னா வைப்ரன்ஸ், அது தோல ஓரளவு விட்டுவைக்கும், சாச்சுரேஷன் யாரையும் விடாது. மூஞ்சி நிழல்ல போச்சுன்னா ஸ்னாப்சீட்ல செலக்டிவ், புள்ளிய கன்னத்துல வச்சு ரெண்டு விரலால வட்டத்த சுருக்கி கொஞ்சமா வெளிச்சம், அவ்ளோ போதும்.

சாப்பாடு பத்தி சொல்லாம போக முடியாது. தால் பூரி! நம்ம பருப்புப் போளிய இனிப்பில்லாம மெல்லிசா தட்டின மாதிரி, உள்ள கடலைப்பருப்பு, மேல ருகாய்ங்கிற தக்காளித் தொக்கு, பீன்ஸ் கொட்டைக் குழம்பு, மிளகா, ஜோடி ஜோடியாத்தான் குடுப்பாங்க. போர்ட் லூயி மார்க்கெட் பக்கம் ரோட்டோரம் நின்னு தின்னோம், அஞ்சு பேருக்கும் சேத்து அந்த வண்டிக்காரர் கேட்ட வெயிட்டிங் சார்ஜ்ல பாதி கூட ஆகல. குழம்பு வழிஞ்சு முழங்கை வரைக்கும் ஓட அம்மாவும் பொண்ணும் சிரிக்கிற படம் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் ஒரே கறுப்பு, ஒரே பல்லு. அத எடிட்டே பண்ணல.

அந்த 30 படத்துக்கும் ஒரிஜினல் ஃபைல் கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.

காலைல எங்க தெரு முனை லேபுக்குப் போயி நான் எடுத்த படங்கள பிரிண்ட் குடுத்தேன். மெஷின்ல ஆட்டோ கரெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும், இங்க வெளுக்கிறது அதுதான். "கரெக்‌ஷன் போடாதீங்க தம்பி"ன்னேன். ஸ்கிரீன்ல அம்மா படத்தப் பாத்துட்டு, "கறுப்பா வந்துடுமேக்கா, பரவால்லயா?"ன்னு கேட்டார். வரணும் தம்பின்னு சொல்லி 40 காப்பிக்குப் பணம் கட்டினேன், அதுல ரெண்டு காத்ர் போர்ன் அக்காவுக்குத் தபால்ல போகுது.