கடற்கரைக் கோயிலும் காலை வெயிலும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் படம் எடுக்கப் போகிறவர்கள் பாதிப் படத்தை மனத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போகிறோம். முன்னால் புல்வெளி, நடுவில் இரட்டை விமானம், பின்னால் உதயச் சூரியன். காலண்டர் போடுகிறவர்கள் செய்த உபகாரம்!

அந்தப் படத்துக்கும் பருவம் உண்டு. வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. மே, ஜூன் மாதங்களில் அதற்குள் சூரியன் மேலே வந்துவிடுகிறது. ஜனவரியில்தான் உதயம் ஆறரையை ஒட்டி அமைகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே நடந்து போக நேரம் கிடைக்கும். அதனால் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

டிரைபாட் கொண்டுபோகத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் அதற்கு முயலவில்லை. கேமராவைக் கையிலேயே பிடித்து, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றிக்கொண்டேன். வெளிச்சம் வர வர இறக்கிக்கொண்டே போகலாம்.

தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. மேற்கு வாசல் பக்கம் நேராக நின்றால் அது கோயிலுக்கு வலப்புறம் ஒதுங்கிப்போகும்; விமானத்துக்குப் பின்னால் வரவேண்டுமென்றால் நாம் வடமேற்கு மூலைக்கு நகர வேண்டும். நகர்ந்தேன், எடுத்தேன். வானம் சிவப்பு, கோயில் கறுப்பு. அழகுதான். ஆனால் அட்டையில் வெட்டி நிறுத்தினாலும் அதே நிழலுருவம் கிடைத்திருக்கும். கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன் காலத்துச் சிற்பிகளின் கைவேலை ஒன்றுகூட அதில் தெரியவில்லை.

வேலை உண்மையில் தொடங்கியது ஏழு மணிக்கு மேல்தான். சுமார் 1300 ஆண்டுகளாக உப்புக்காற்று உரசி, சுவர்ச் சிற்பங்களின் முகங்கள் மழுங்கிவிட்டன. உச்சிவெயிலில் பார்த்தால் வெறும் புடைப்புகள். தாழ்ந்த வெயில் தென்புறச் சுவரில் சாய்வாக விழும்போதோ, மிச்சமிருக்கும் ஒவ்வொரு விளிம்பும் நிழல் போட்டு எழுந்து நிற்கிறது. பின்கால்களில் எழுந்து நிற்கும் தூண் சிங்கங்களின் பிடரிச் சுருள்களை அப்போதுதான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனி மாதமானால் சூரியன் வடகிழக்கில் இருக்கும். இதே வெளிச்சம் வடபுறச் சுவருக்குப் போய்விடும்.

வளாகத்தில் தனியாக ஒரு சிங்கம் அமர்ந்திருக்கிறது. அதன் மார்பில் சதுரமாக ஒரு மாடம், உள்ளே மகிஷாசுரமர்த்தினி. உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போன்ற சின்ன உருவம். வெளியே வெயில் அடிக்க, மாடத்துக்குள் இருட்டு. பிளாஷ் போட்டால் கல் தட்டையாகிவிடும். கூட வந்த மைத்துனரின் தோளில் வெள்ளைத் துண்டு இருந்தது. அதை விரித்து வெயிலில் பிடிக்கச் சொன்னேன்.

“இதற்குத்தான் என்னைக் கூட்டிவந்தீர்களா, மாமா?” என்றார்.

துண்டில் பட்ட வெளிச்சம் மெல்ல மாடத்துக்குள் போனது. தேவியின் கைகள் தெரிந்தன. அன்று எடுத்ததில் சட்டம் போட்டு மாட்டியது அந்தப் படத்தைத்தான்.

லென்ஸில் ஒட்டும் உப்புப் படலத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். எட்டரைக்கெல்லாம் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. கடற்கரைக் கோயில் டிக்கெட் அன்றைக்கே ஐந்து ரதங்களுக்கும் செல்லும் என்பதால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைத்துனரே முன்னால் நடந்தார்.