தள்ளுபடிக்குப் பிறகு போகும் கூரியர்

கனடாவில் தம்பியின் அகதி கேஸ் தள்ளுபடி என்று போன் வந்ததும், வேலூர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கும் அக்காமார் முதலில் இரும்புப் பெட்டியைத் திறப்பார்கள். எரிந்த வீட்டின் போட்டோ, கிராம சேவகர் கடிதம், காணாமல்போன அண்ணனுக்காகச் செஞ்சிலுவைக் குழு கொடுத்த சீட்டு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் போய் நோட்டரி முத்திரை வாங்கி, மறுநாளே கூரியர். அந்தக் காகிதக் கட்டில் பாதிக்கு மேல் நீதிபதி பார்க்கவே மாட்டார் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுப்பைச் சீராய்வு செய்யும் கனடாவின் பெடரல் கோர்ட், மனுதாரர் அகதியா இல்லையா என்று புதிதாக விசாரிப்பதில்லை. கேஸை மறுத்து முடிவெடுத்தவர் எழுதிய காரணங்கள், அவர் கையில் இருந்த ஆவணங்களுக்கும் சட்டத்துக்கும் முன்னால் நிற்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். 2019 டிசம்பரில் வாவிலோவ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விளக்கிய அளவுகோல் இது. ஆகவே மறுத்தவர் முன் வராத காகிதம் பொதுவாகச் சீராய்விலும் வராது. இந்த வழியில் புதிய சான்றுக்குக் கடைசி வாசல், அதற்கு முந்தைய படியான அகதிகள் மேல்முறையீட்டுப் பிரிவு. அங்கேயும் கேட்பார்கள்: இது மறுப்புக்குப் பின் உருவானதா, முன்பே கொடுக்க வழியில்லாமல் இருந்ததா? பெட்டியிலேயே வருஷக்கணக்கில் கிடந்த கடிதம் இரண்டிலும் சேராது. முதல் விசாரணைக்கு முன்பே பெட்டியைத் திறந்துவிட வேண்டும்.

கெடுவும் குறைவு. கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால், அறிவிப்புக் கிடைத்த 15 நாளுக்குள் சீராய்வுக்கு அனுமதி கேட்கும் மனு போட வேண்டும். அனுமதியைத் தனி நீதிபதி பெரும்பாலும் காகிதத்தை வைத்தே தீர்மானிப்பார்; மறுத்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது. ஜெயித்தாலும் அகதி அந்தஸ்து கையில் வராது, வழக்கு வேறொருவர் முடிவுக்குத் திரும்பும். இதை வீட்டாருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "ஜெயிச்சிட்டோம்" என்று முகாமில் இனிப்புக் கொடுத்த பிறகு சொல்வது கொடுமை.

மறுப்பாணைகளில் இடறும் வரி ஒன்று உண்டு: "சொந்த நாட்டிலேயே வேறு ஊரில் போய் இருக்கலாம்." 1991இல் கனடாவின் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இராசரத்தினம் வழக்கு இதற்கு இரண்டு கேள்விகளை வைத்தது. அந்த ஊரில் துன்புறுத்தலுக்கு ஆளாகும் கணிசமான வாய்ப்பு இல்லையா? இவருடைய நிலையில் அங்கே போய் வாழச் சொல்வது நியாயமா? பயமே அரசிடம்தான் என்பவரைக் கொழும்புக்குப் போகச் சொன்னால், அங்கேயும் அதே அரசுதானே என்பதற்கு ஆணையில் பதில் இருக்க வேண்டும்.

வேலூரில் பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து இந்தியர் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் கடுமை. பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, முகாம் பதிவு, இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். "இந்தியாவில் ஏன் புகலிடம் கேட்கவில்லை" என்ற கேள்விக்கு, இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, தனிப் புகலிடச் சட்டமும் கிடையாது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும்.

மருத்துவர் கடிதத்தில் "பழைய தழும்பு உள்ளது" என்றிருந்தால் பிரயோஜனமில்லை. உடம்பில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன வடிவம், சொல்லும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது, வேறெதனால் வந்திருக்கலாம் என்று சித்திரவதையை ஆவணப்படுத்த ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதச் சொல்லுங்கள். 2019 மார்ச்சில் இலங்கைத் தமிழர் ஒருவரின் சூட்டுத் தழும்பு வழக்கில், இப்படிக் கருத்துச் சொல்வது மருத்துவரின் வேலைக்குள் அடங்கும் என்றே பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அபிடவிட்டில் வரும் வினை வேறு மாதிரி. டைப்பிஸ்ட் ஒரே மாதிரியை வைத்து அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மூவருக்கும் அடித்துக் கொடுப்பார்; மூன்றிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. விசாரிப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும். பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து, அவரவர் பேச்சிலேயே எழுதினால் ஒரு பக்கம் போதும்.