விட்ட ஊசியைத் திரும்பப் போடும்போது

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் சொந்தக்காரரின் பையில் இப்போது சொக்கிலேட்டோடு சேர்ந்து மெலிவுக்கான பேனை ஊசியும் வன்னிக்கு வருகிறது. வந்தது முடிந்தால் அடுத்த ஆள் வரும்வரை இரண்டு மூன்று மாதம் இடைவெளி. பிறகு கையில் கிடைத்ததும் விட்ட இடத்தில் இருந்தே பிடிக்கிறார்கள். கடைசியாகப் போட்டது 1 மில்லிகிராம், அதனால் இன்றைக்கும் 1. ஞாயிறு போட்ட ஊசிக்குச் செவ்வாய் முழுக்கச் சத்தி.

இதில் ஊசியின் குற்றம் ஒன்றுமில்லை. செமாகுளுட்டைட் (ஒசெம்பிக், வீகோவி) ஒரு கிழமையில் பாதியாகக் குறையும், ஏறத்தாழ 5 கிழமையில் உடம்பை விட்டுப் போய்விடும். டிர்செபடைட் (மௌஞ்சாரோ) பாதியாக 5 நாள், முழுக்கப் போக 25 நாள் அளவில். இந்த மருந்துகள் இரைப்பையில் இருந்து சாப்பாடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். முதல் கிழமைகளில் அந்தத் தாமதம் மிக அதிகம், போகப்போக உடம்பு பழகிக்கொள்ளும். மருந்து வெளியேறினால் அந்தப் பழக்கமும் போய்விடும். பழைய அளவு, புது வயிறு. அதுதான் சிக்கல்.

ஒரு ஊசி தப்பினால் கணக்கு லேசு. ஒசெம்பிக் என்றால் 5 நாளுக்குள், மௌஞ்சாரோ என்றால் 4 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். கடந்துவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த முறைக்குரிய நாளில் போட வேண்டும். இரண்டு மூன்று தொடர்ந்து தப்பினால் தானாக எதையும் முடிவெடுக்காமல் எழுதித் தந்த டொக்டரிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் விட்டவர்களுக்குப் பெரும்பாலும் அடியில் இருந்துதான்: செமாகுளுட்டைட் 0.25, டிர்செபடைட் 2.5 மில்லிகிராம், ஒவ்வொரு படியிலும் குறைந்தது 4 கிழமை. தினமும் போடும் லிராகுளுட்டைட் (சக்செண்டா) 3 நாளுக்கு மேல் தப்பினாலே 0.6இல் இருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இலக்கத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். ஒன்றின் 1 மில்லிகிராமும் மற்றதன் 2.5 மில்லிகிராமும் ஒப்பிடக்கூடிய அளவுகளே இல்லை. கடைசி ஊசி போட்டு ஒரு கிழமை கழித்து, அதே நாளில் புதியதைத் தொடங்குவதே வழமை. அப்போதும் பழையதில் பாதி உள்ளே நிற்கும், ஆகவே முதல் இரண்டு கிழமை இரண்டுக்கும் சேர்த்து வயிறு பதில் சொல்லும். பிறகு பசி திரும்பும். 2.5 என்பது உடம்பைப் பழக்கும் அளவுதான். "பசிக்குது, வேலை செய்யேல்லை" என்று இரண்டாம் கிழமையே கூட்டுகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். இன்னொரு பிழை, பேனையின் கிளிக்கை எண்ணி அளவெடுப்பது. பேனையின் வலு மாறினால் அதே கிளிக்கில் வரும் மருந்தும் மாறும்.

ஊசி நாளைத் தெரிவதில் கொஞ்சம் யோசனை வேண்டும். ஓங்காளம் பெரும்பாலும் போட்ட முதல் இரண்டு மூன்று நாளில்தான் கூடும். வட்டாப்பளைப் பொங்கலுக்கு முதல்நாளோ, அரிவு வெட்டுக்கு ஆள் பிடித்த கிழமையிலோ அளவைக் கூட்டாதீர்கள். விரத நாளும் வேண்டாம். வெறுவயிற்றில் ஓங்காளம் கூடும்.

சாப்பாட்டில் கொழுப்புத்தான் முதல் எதிரி. கெட்டித் தேங்காய்ப்பால் சொதி, பொரியல், கொத்துரொட்டி எல்லாம் ஏற்கெனவே மெதுவாக இறங்கும் வயிற்றில் மணித்தியாலக்கணக்கில் கிடக்கும். முட்டை நாற்றத்தோடு ஏவறை வருவது அப்போதுதான். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, இரண்டு இடியப்பம், அவித்த முட்டை, எண்ணெய் குறைந்த மீன் குழம்பு என்று கால் கோப்பை அளவாக ஐந்து தடவை சாப்பிடலாம். முதல் "போதும்" வந்ததும் கோப்பையைத் தள்ளிவையுங்கள், அதற்கு மேல் ஒரு பிடி புட்டுத்தான் சத்தியாக வரும். இஞ்சிப் பிளேன்ரீ சிலருக்கு உதவும் (மரவள்ளி அவித்த நாளில், இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்று அம்மம்மா குடிக்க விடமாட்டா, அது வேறு கதை). மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுத்தால் தண்ணீரும் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும்.

சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால் "ரெண்டு நாளில் சரிவரும்" என்று பொறுத்துக்கொள்ள இது ஏற்ற ஊர் இல்லை. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் உண்டு; வயலில் வெயிலில் நிற்கும் உடம்பு ஏற்கெனவே நீர் குறைந்தது. அதற்கு மேல் சத்தி எடுத்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். ஆகவே திரும்பத் தொடங்குமுன் இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சோதனை) பார்த்துவிடுங்கள். வீட்டில் ஜீவனி (இழந்த நீரும் உப்பும் திரும்பக் குடிக்கிற தூள்) இருக்கட்டும்: ஒரு பைக்கற்றை 1 லீற்றர் கொதித்தாறின நீரில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாக, 24 மணித்தியாலத்துக்குள். சத்தி வந்தால் 10 நிமிடம் விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஏற்கெனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீர் நல்லதல்ல, பொட்டாசியம் கூடும். உடம்பு உளைவுக்கு டைக்குளோபெனாக் என்ற நோக்குளிசை வேண்டாம். லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிறஷர் குளிசை, சலம் போகும் குளிசை பாவிக்கிறவர்கள் சத்தி நாளில் அதைத் தொடர்வதா என்று அன்றே கிளினிக்கில் கேட்க வேண்டும். நீரிழிவுக்குக் கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சீனி கீழிறங்கும் ஆபத்தும் உண்டு. அவற்றின் அளவை முன்கூட்டியே டொக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவி விடாமல் நிற்கும் வலி, கண் மஞ்சளாதல், ஒரு வாய் நீரும் தங்காமை, அரை நாளாகச் சலம் போகாமை: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் இல்லை, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

பேனை கெட்டுப்போவதும் பக்கவிளைவுக்கு ஒரு வாசல். பாவிக்காத பேனை 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். தொடங்கிய ஒசெம்பிக் 30 பாகைக்குக் கீழே கனடாப் பேனை என்றால் 56 நாள், லண்டன் பேனை என்றால் 6 கிழமை, மௌஞ்சாரோ குவிக்பேனை 30 நாள். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 30 எங்கே கிடைக்கப்போகிறது? வெக்கையில் வலுவிழந்த பேனையைப் போட்டு "கேக்கேல்லை" என்று அளவைக் கூட்டியவருக்கு, அடுத்த நல்ல பேனை முழு வலுவோடு விழும். பிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், உறைந்தது எறியவேண்டியதுதான். விமானத்தில் கொண்டுவருபவரிடம் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், சரக்குப் பெட்டியில் உறையக்கூடும். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். கலங்கியிருந்தால் போடவேண்டாம். ஒருவரின் பேனையை இன்னொருவர், ஊசிமுனை மாற்றினாலும், பாவிக்கக் கூடாது.