இரவில் இழுத்துப் பிடிக்கும் கெண்டைக்கால்: நான் சமாளித்த விதம்

இரவில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது என்று பகலில் யாரிடமாவது சொன்னால், "எனக்கும் எப்போதாவது வரும்" என்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். எப்போதாவது வருவதும் வாரத்தில் பல இரவுகள் வருவதும் ஒன்றல்ல. பின்னிரவில் அலறி எழுந்து, மறுநாள் படி இறங்கும்போது அந்தக் காலை ஊன்றப் பயந்து நடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இது 58 வயதில் தொடங்கியது. முற்றிலும் நின்றுவிட்டது என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் படுக்கைக்குப் போகவே தயங்கிய காலம் முடிந்துவிட்டது.

அந்த வலி வரும் விதத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம் என்று பின்னால்தான் தெரிந்தது. எனக்குப் பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், அரைத் தூக்கத்தில் சோம்பல் முறித்துக் காலை நீட்டும்போது வரும். பாதம் கீழ்நோக்கி நீளும், அடுத்த நொடியே கெண்டைச்சதை சுருண்டு முழங்காலை நோக்கி ஏறும். தொட்டுப் பார்த்தால் கல்லைப் போல இறுகியிருக்கும். விரல்கள் உள்ளங்கால் பக்கம் மடங்க, கட்டைவிரல் மட்டும் தனியாக விறைத்து நிற்கும். அதைக் கையால் நிமிர்த்தப் பார்த்தாலும் நிமிராது. சில இரவுகளில் அரை நிமிடத்தில் விட்டுவிடும். சில இரவுகளில் நிமிடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். விட்ட பிறகும் சதைக்குள் ஒரு கனத்த வலி மறுநாள் மாலைவரை இருக்கும். அதைவிட மோசமானது, மறுபடி பிடித்துவிடுமோ என்று காலை அசைக்காமல் விழித்தே கிடப்பது. என் தூக்கத்தை அதிகம் தின்றது அந்தப் பயம்தான்.

முதலில் பார்த்த மருத்துவர், "வயதானால் வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது உண்மைதான், பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் அகப்படுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் தேடிப் பார்த்துக் காரணம் இல்லை என்று சொல்வது வேறு, தேடாமலே சொல்வது வேறு. இதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

பிடித்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். முழங்காலை மடக்காமல் நேராக வைத்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். செய்வது இவ்வளவுதான். ஆனால் வலி உயிரை எடுக்கும்போது உடம்பு இதற்கு நேர்மாறாகத்தான் போகும். முழங்கால் தானாக மடங்கும், பாதம் இன்னும் கீழே நீளும், கை சதையைப் பிசையப் போகும். "சுருங்கிய நிலையில் இருக்கும் தசை மேலும் சுருங்கும்போதுதான் இந்தப் பிடிப்பு வருகிறது. அதை நீளமாக்கினால்தான் விடும். பிசைவதெல்லாம் அதற்குப் பிறகு, அம்மா" என்றார் அவர். தசையை நீட்டும்போது, அது தசைநாணோடு (தசையை எலும்போடு இணைக்கும் நார்) சேரும் இடத்தில் உள்ள நரம்பு முனைகள் இழுவிசையை உணர்ந்து தசையைத் தளரச் சொல்லும் என்பது அவர் தந்த விளக்கம். உழைத்த தசையில் ஏதோ அமிலம் தேங்கிவிடுவதாகத்தான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். தசையை இயக்கும் நரம்பு தேவையில்லாமல் துடிப்பதுதான் இதன் மூலம் என்றே இப்போது பெரும்பாலும் கருதுகிறார்கள்.

காரணம் தெரிந்தது பெரிய உதவியாக இருந்தது. நீளமான துண்டு ஒன்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிடித்தவுடன் எழுந்து உட்கார்ந்து, துண்டின் நடுவை விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த பகுதியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் கைகளில் பிடித்து மெதுவாக இழுப்பேன். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சதை கிழிந்த வலி சேர்ந்துகொள்ளும். இறுக்கம் விட்டுச் சதை மெத்தென்று ஆவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகும் சற்று நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும், சட்டென்று விட்டால் திரும்பப் பிடிக்கும். என் கணவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது நான் முனகினாலே, "முட்டியை மடக்காதே" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிடுவார். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் பாதத்தை மேலே தள்ளுவார்.

எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துவதும் சீக்கிரம் பலன் தரும். ஆனால் என் வயதுக்காரர்களுக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன். இருட்டில், அரைத் தூக்கத்தில், ஒரு கால் வேலை செய்யாத நிலையில் கட்டிலைவிட்டுக் குதித்தால் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றலும் வரும். கட்டிலில் உட்கார்ந்தே துண்டால் இழுப்பது போதும். பிடிப்பு விட்ட பிறகு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் வேறு யாரையாவது சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவதாகப் போன மருத்துவரிடம் கையில் ஒரு நோட்டுடன் போனேன். எந்த இரவு, எந்தக் கால், எவ்வளவு நேரம், அன்று பகலில் என்ன செய்தேன், என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று எழுதி வைத்திருந்தேன். அவர் அதை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சதை உண்மையிலேயே இறுகுகிறதா, அல்லது வலியில்லாமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பா? (அந்தத் தவிப்பு வேறொரு நோய். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தாலும் வரும், அதற்கு வைத்தியமும் வேறு.) நடந்தால் வலித்து, நின்றால் விடுகிறதா? அப்படியென்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். முதுகுவலியோடு கால் மரத்துப் போகிறதா? கையிலோ உடம்பின் வேறு இடத்திலோ தசை இளைக்கிறதா, துடிக்கிறதா? பிறகு இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் விரல் வைத்து நாடித்துடிப்பைப் பார்த்தார். சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, உப்புச்சத்துகள், இரும்புச்சத்து ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

"அடுத்த முறை வரும்போது, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டு வாருங்கள் அம்மா" என்றார். அதுதான் திருப்பமாக அமைந்தது. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் என் ரத்த அழுத்த மாத்திரையில், சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்து ஒன்று கலந்திருந்தது. அதைத் தொடங்கிய மாதத்தையும் நோட்டில் பிடிப்புகள் அடுக்கடுக்காக வரத் தொடங்கிய மாதத்தையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த வகை மருந்துகளில் சிலவற்றுக்கும், ஆஸ்துமாவுக்காக இழுக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலர்களுக்கும் இரவுப் பிடிப்போடு தொடர்பு இருப்பதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் காட்டியிருக்கிறது. மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறினால் அது இதைவிடப் பெரிய ஆபத்து" என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மாற்றிய பிறகு பிடிப்புகள் வெகுவாகக் குறைந்தன. முழுவதும் மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்வது மக்னீசியம். நானும் ஒரு பாட்டில் வாங்கிச் சாப்பிட்டேன், குறைந்தது மாதிரித்தான் இருந்தது. பிறகு இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்றைப் பற்றி மருத்துவர் சொன்னார். 2017-இல் வெளியானது. இரவுப் பிடிப்பு உள்ள 94 பேரில் ஒரு பாதிக்கு மக்னீசியம் ஆக்சைடும், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 8 முறை வந்தது 4 சொச்சமாகக் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது! இந்தப் பிடிப்பு தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம், அடுத்த வாரம் இயல்பாகவே குறைகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. இதைக் கேட்டதிலிருந்து யார் எந்த மருந்தைப் புகழ்ந்தாலும் எனக்கு இந்த 94 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். நோட்டு எழுதுவதை நான் விடாததும் இதனால்தான். பல மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான மாற்றம் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மக்னீசியத்தைக் கேட்காமல் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலேரியாவுக்குத் தரும் குயினைன் மருந்து விஷயத்தில் எனக்கு மிகுந்த கவலை உண்டு. உறவுக்காரப் பெரியவர் ஒருவர், தான் பல வருடங்களுக்கு முன் அதைச் சாப்பிட்டுக் குணமானதாகச் சொல்லி என்னையும் கேட்டு வாங்கச் சொன்னார். அது பிடிப்பை ஓரளவு குறைக்கும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் அரிதாக ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994-இலேயே இதற்காக அதைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது, 2006-இல் மறுபடி எச்சரித்தது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு வலிக்கு உயிரைப் பணயம் வைக்கும் மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார், நானும் அப்படியே நினைக்கிறேன். சீனாவில் 65 வயது கடந்த 199 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில் வைட்டமின் கே2 நல்ல பலன் தந்திருக்கிறது. நம்பிக்கை தரும் செய்திதான். இன்னும் சில ஆய்வுகள் வரட்டும் என்று காத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

நான் தவறாமல் செய்வது படுக்கும் முன் சுவரோரம் நின்று காலை நீட்டும் பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்னே மடக்கி, மற்றதைப் பின்னே நேராக வைத்து, பின்காலின் குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைச்சதை முழுவதும் இழுபடும். பத்து நொடி நின்று, தளர்த்தி, மறுபடி. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்கள் ஆறு வாரம் இரவுதோறும் கெண்டைச்சதையையும் தொடையின் பின்தசையையும் நீட்டியதில் பிடிப்பு நன்றாகக் குறைந்தது என்று 2012-இல் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2005-இல் வெளியான ஆய்வில் கெண்டைச்சதைப் பயிற்சியால் பலன் தெரியவில்லை. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் செய்கிறேன். இதில் பக்கவிளைவு எதுவும் இல்லை, படுக்கும்போது கால் லேசாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

படுக்கையையும் கொஞ்சம் மாற்றினேன். கனமான போர்வையை மெத்தைக்கு அடியில் செருகி இறுக்கினால் அது பாதத்தை இரவு முழுவதும் கீழ்நோக்கி அழுத்தும். இப்போது கால்மாட்டில் தளர்வாக விடுகிறேன். சோம்பல் முறிக்கும்போது குதிகாலை முன்னே தள்ளி நீட்டப் பழகிக்கொண்டேன். பாதம் நீளாமல் கால் மட்டும் நீளும். அரைத் தூக்கத்திலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது, நம்ப முடியாத அளவுக்கு உதவுகிறது. கோடையில் சற்று அதிகமாக வருவதை நோட்டிலிருந்து கண்டுகொண்டேன். கனடாவில் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டவர்களும் கோடையில்தான் இது உச்சத்துக்குப் போகிறது என்கிறார்கள். வெயில் மாதங்களில் பயிற்சியை ஒருநாளும் விடுவதில்லை.

போன வருடம் என் மகள் கர்ப்பமாக இருந்தபோது, கடைசி மாதங்களில் அவளுக்கும் கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு இது பரவலாக வரும். துண்டு வைத்து இழுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தேன், அவளும் சமாளித்தாள். ஒருநாள் காலையில், "அம்மா, இடது கால் மட்டும் விடவே மாட்டேன் என்கிறது" என்றாள். பார்த்தேன். சதை இறுகியிருக்கவில்லை, ஆனால் அந்தக் கால் மட்டும் வீங்கியிருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. பிடிப்பு நிமிடங்களில் விட்டுவிடும். மணிக்கணக்கில் ஒரே காலில் வலியும் வீக்கமும் சூடும் இருந்தால் ஆழமான சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் அதற்கு வாய்ப்பு அதிகம். அதைத் தேய்க்கவும் விடவில்லை, பயிற்சி செய்யவும் விடவில்லை, நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இல்லை. வீக்கம் குறையும்வரை கவனிக்கச் சொல்லி, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேரம் காலம் பார்க்காமல் வரச் சொல்லி அனுப்பினார்கள்.