துருப்பு எதுடா?

நாடகத்தில் மகளுக்கு இஸ்பேட் ஏழு வேடம் என்று தெரிந்ததும் வீட்டில் அதிகமாகக் குதித்தது நான்தான். 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையில் வெள்ளை ரோஜாவுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிக்கொள்ளும் மூன்று தோட்டக்காரச் சீட்டுகளில் ஒன்று அது. சின்ன வயதில் அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் நான். சார்ட் அட்டை வாங்கி, முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, சீட்டை நானே வரைந்தேன். அப்புறம், நாடகத்தில் என்னென்ன தப்பு விடுகிறார்கள் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

காரைக்குடியில் ஒரு கோடை வகுப்பின் நிறைவு நாள். பழைய வீடு ஒன்றின் நடுமுற்ற வளவில் இசை நாடகம். முன்வரிசையில் இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், எனக்கும் ஆலிஸுக்கும் நடுவில் ஒரு பர்மா தேக்குத் தூண். இடப்பக்கம் சாய்ந்தால் முயல், வலப்பக்கம் சாய்ந்தால் ஆலிஸ். இரண்டு பேரும் சேர்ந்து பாடியபோது கழுத்து சுளுக்கிக்கொண்டது.

பக்கத்தில் அப்பத்தா. எண்பத்து நாலு வயது. கதை தெரியாது, ஆனால் சீட்டு தெரியும். மத்தியானம் பட்டாலைத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்திருப்பார்.

"லண்டன்ல 1886லயே இதை இசை நாடகமாப் போட்டுட்டாங்க அப்பத்தா. எழுதின லூயிஸ் கரோல் அப்ப உசுரோட இருந்தாரு" என்றேன் பெருமையாக.

"அங்கயும் மைக் இப்படித்தான் கரகரத்துச்சா?"

அதற்குமேல் நான் விளக்கம் சொல்லவில்லை. மனதுக்குள் தப்புகளை எண்ணத் தொடங்கினேன். கம்பளிப்புழு ஹூக்கா பிடிக்க வேண்டும், கையில் புல்லாங்குழல் இருந்தது. சரி, குழந்தைகள் நாடகம், போகட்டும். தேநீர் விருந்தில் நிஜமான சீப்புச் சீடையை வைத்துவிட்டார்கள். தொப்பிக்காரப் பையன் வாய் நிறைய அடக்கிக்கொண்டதால் வசனம் வெளியே வரவில்லை. அந்த மேசையில் மணி எப்போதும் ஆறுதான் என்பது கதை. இங்கே மெய்யாகவே காலம் நின்றுவிட்டது. சீடை கரையும் வரை ஆர்மோனியக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

பூனைதான் உச்சம். உடம்பு மறைந்து சிரிப்பு மட்டும் மிச்சமிருக்க வேண்டுமே, அதற்குச் சின்னச் சின்ன பல்பு கோத்து ஒரு சிரிப்பு செய்திருந்தார்கள். அபாரம். பூனை போனது, சிரிப்பு நின்றது, கைதட்டல் அடங்கியது. ஆனால் சிரிப்பு அணையவில்லை. சுவிட்ச் பழுது. கடைசிக் காட்சி வரை அது மேலேயிருந்து எல்லாரையும் பார்த்து இளித்துக்கொண்டே இருந்தது.

அடுத்து ராணி வந்தாள், இதயம் போட்ட ஆட்டின் சீட்டு. என் மகள் பெயிண்ட் பிரஷோடு குப்புற விழுந்து கும்பிட, ராணி கையை நீட்டி, "வெட்டு! தலையை வெட்டு!" என்று கத்தினாள். வளவு முழுக்க நிசப்தம்.

"ஆட்டின் ராணி எதுக்குடா இஸ்பேடை வெட்டுறா? துருப்பு எதுடா?"

அப்பத்தாவுக்கு மைக் தேவையில்லை. ராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. குப்புறக் கிடந்த இஸ்பேட் ஏழு குலுங்குவது தூணைத் தாண்டியும் தெரிந்தது.

கடைசியில் விசாரணைக் காட்சி. "நீங்க வெறும் சீட்டுக்கட்டுதானே!" என்று ஆலிஸ் பாட, சீட்டுகள் எல்லாம் பறந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டன. எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. அப்பத்தா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பத்தொன்பதுதான் இருக்கு. இதை வச்சு என்னத்த ஆடுறது?"

முடிந்ததும் மகள் வேடத்தைக் கழற்றாமலே ஓடி வந்தாள். "நல்லா நடிச்சேனா?"

"ராணிய விட நீதான் நல்லா நடிச்சே" என்று கன்னத்தை வழித்து முத்தினார் அப்பத்தா. அப்புறம் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏழுங்கிறாங்க, எட்டு இஸ்பேட்டுல்ல வரஞ்சிருக்கு? எந்தக் கோட்டிக்காரன் வரஞ்சது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் நல்லவேளையாகத் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.