ஐந்து நாள் முகாமுக்கு நான்கு நடை

திருவையாறு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்காக மே மாதம் ஐந்து நாள் இயற்பியல் முகாம் நடத்தினோம். நான் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவள். கூட வந்தவர்கள் என் மாணவிகள் நான்கு பேர். முகாம் எப்படிப் போச்சு என்று கேட்பவர்களிடம் எல்லாம் நான் அதற்கு முந்தைய ஆறு வாரக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏன் பெண்களுக்கு மட்டும் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். போன வருடம் பையன்களையும் சேர்த்துத்தான் நடத்தினோம். மின்சுற்று செய்யச் சொன்னால் ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் பையன்கள் கைக்குப் போய்விடும். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீ எழுது" என்று நோட்டு மட்டும் பெண்ணிடம் வரும். யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதுபாட்டுக்கு நடந்தது. முகாம் முடிந்து போட்டோக்களைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: ஒரு படத்தில்கூட ஒரு பெண் ஒயரின் தோலை உரிக்கவில்லை.

சரி, அனுமதிக்கு வருவோம். கல்வி அலுவலகத்துக்கு முதல் நடை போனபோது "ஐயா கேம்ப் போயிருக்காரு" என்றார்கள். முகாமுக்கு அனுமதி கேட்டுப் போனால் அதிகாரி முகாமில். போன் செய்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். செய்தேன், யாரும் எடுக்கவில்லை. வெயிலில் இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தேன்.

இரண்டாவது நடையில் பிரிவு எழுத்தரைப் பார்க்க முடிந்தது. மனுவை முழுக்க வாசித்துவிட்டுப் பேனா மூடியால் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டினார். 'கோடைக்கால இயற்பியல் வகுப்பு' என்று எழுதியிருந்தேன். "லீவுல சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கே மேடம்." இருக்கிறதுதான். ஆண்டுதோறும் வரும், அவசியமான சுற்றறிக்கையும்கூட. ஆனால் இதில் பாடம் இல்லை, பரீட்சை இல்லை, கட்டணம் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் பேனா மூடி அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. கடைசியில் அவரே ஆலோசனையும் சொன்னார்: "தையல், மெஹந்தின்னு போட்டீங்கன்னா கூட்டம் வரும். பொம்பளப் புள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எல்லாம்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜிதான் 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநர் என்றேன். "அது இஸ்ரோ மேடம்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது நடைக்கு 'வகுப்பு' இருந்த ஐந்து இடத்திலும் 'முகாம்' என்று மாற்றி எடுத்துப் போனேன். மற்றபடி ஓர் எழுத்து மாற்றவில்லை. சுற்றறிக்கைப் பேச்சே எழவில்லை! இந்தத் தடவை கேள்வி வேறு: "அதான் வானவில் மன்றம் இருக்குல்ல?" இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகள் செய்து காட்ட 2022 நவம்பரில் தொடங்கிய திட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான். ஆனால் அது பள்ளி நாட்களில் நடப்பது, இது விடுமுறையில் என்றேன். அப்படியானால் தலைமை ஆசிரியரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும் என்றார். இதை இரண்டாவது நடையிலேயே சொல்லியிருக்கலாம். தலைமை ஆசிரியை அதற்குள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். நல்ல மனுஷி, கையெழுத்துப் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். நான்காவது நடையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

நீங்கள் செய்வதாக இருந்தால் பிப்ரவரியிலேயே மனுவைக் கொடுங்கள், பள்ளி திறந்திருக்கும்போதே தலைமை ஆசிரியர் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். அலுவலகத் தபால் பிரிவில் மனுவைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். என்னிடம் அந்த எண் இல்லாதிருந்தால் நான்காவது நடையில் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

பிறகு பெற்றோர் சம்மதக் கடிதம். அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று பள்ளித் தரப்பில் பிடிவாதம். பாதி அப்பாக்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அப்பா ஊர் திரும்பும் நாள் பார்த்து முகாம் வைக்க முடியுமா? எந்த விதியில் அப்படி இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டினார்கள், எதுவும் இல்லை. அம்மாக்கள் கையெழுத்தே போதும் என்றாயிற்று. ஒரு பாட்டி கைநாட்டு வைத்தார்.

இவ்வளவு சண்டை போட்டு வந்த எனக்கு, உண்மையில் முகாமைக் கவிழ்க்கப் பார்த்த விஷயம் கண்ணிலேயே படவில்லை. முதல் நாள் வந்தவர்கள் 22 பேர். இரண்டாம் நாள் 15. எனக்குப் பகீரென்றது. முதல் நாள் எல்.இ.டி. சொதப்பியதுதான் காரணம் என்று நினைத்தேன். சிவப்பு எல்.இ.டி. கேட்ட இடத்தில் கடைக்காரர் வெள்ளையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். சிவப்புக்கு இரண்டு வோல்ட் பக்கம் போதும், வெள்ளைக்கு மூன்று வேண்டும். சிவப்பென்றாலும் ஒரே செல் போதாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று இரண்டு பேருக்கு ஒரு செல்தான் கொடுத்திருந்தோம். பக்கத்து ஜோடியிடம் கடன் வாங்கி இரண்டை அடுக்கிப் பார்த்தார்கள், மூன்று வோல்ட்டில் வெள்ளை மினுக்கென்றுதான் எரிந்தது. பிறகு மூன்றாவது செல்லுக்காக அடிதடி. எனக்கென்னவோ அது நல்ல காலைப்பொழுதாகத்தான் தோன்றியது.

விசாரித்தது நானில்லை, என் மாணவி ஒருத்தி. கழிப்பறை பூட்டிக் கிடந்திருக்கிறது. சாவி காவலாளியிடம், காவலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எங்களுக்கு ஆசிரியர் கழிப்பறைச் சாவியைக் கொடுத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. 22 பிள்ளைகளும் மே மாத வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அறுபது மின்கலங்கள், நாற்பது மீட்டர் ஒயர் என்று பட்டியல் போட்டிருந்த நான் அந்தப் பட்டியலில் ஒரு சாவியை எழுதவில்லை. இதற்கு எந்த எழுத்தரைத் திட்டுவது?

அன்று மாலையே ஆளைப் பிடித்துச் சாவி வாங்கினோம். வராதவர்களின் வீட்டுக்குப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது: அம்மா வேலைக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். கூட்டிக்கொண்டே வாருங்கள் என்றோம். மூன்றாம் நாள் 21 பேர், கூடவே ஐந்து பொடிசுகள். வராந்தாவில் பாய் விரித்து, முறை வைத்து ஒரு மாணவி பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நிழல் அளந்தோம். உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டதற்குப் பாதிப் பேர் காலடியிலேயே என்றார்கள், மீதிப் பேர் வடக்கே. மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். நிழல் மிகக் குட்டையானது 12 மணிக்கு அல்ல, 12.10க்கு. நீளம் 14 செ.மீ., விழுந்தது தெற்கே. குச்சி சாய்ந்திருக்கிறது என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள், நூலில் கல்லைக் கட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். ஏப்ரல் 18 வாக்கிலேயே சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டிவிட்டது, ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வரும் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் காதில் ஏறுகிறது.

வானிலை விஞ்ஞானி அன்னா மாணி பற்றியும் பேசினோம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து ஆய்வேட்டைக் கொடுத்தும், எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு நாட்டின் வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தவர். "அவங்களுக்கும் ஒரு பேப்பர் குறைஞ்சுதா மிஸ்?" என்று கேட்டது, அப்பா கையெழுத்துக்காக அலைந்த பிள்ளைகளில் ஒன்று.

நான்காம் நாள் ஊசல். கனமான குண்டு வேகமாக ஆடும் என்று எல்லோருமே அடித்துச் சொன்னார்கள். ஆட்டிப் பார்த்து, நேரம் ஒன்றுதான் என்று வந்தபிறகும் பலருக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வீட்டு உத்தரத்தில் தொங்கும் தூளியில் தம்பியைப் போட்டு ஆட்டியிருக்கிறாள், பத்து ஆட்டத்துக்கு 28 செகண்ட். தம்பியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் தலையணையை வைத்து ஆட்டியிருக்கிறாள், அதே 28. "அப்ப கயித்த ஏத்திக் கட்டினா சீக்கிரம் ஆடுமா மிஸ்?" என்றாள். நீளத்தைப் பற்றி நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவள் அம்மாவுக்குத்தான் கோபம். தூங்கின பிள்ளையைத் தூக்கி எழுப்பிவிட்டாளாம்.