வெங்காரமும் டீக்கடை பல்பும்

இரவில் எடுத்த மூன்று பிலிம் ரோலைப் பாழாக்கிய பிறகு, நேற்று கழுவிய நான்காவது ரோலில் டீக்கடை பல்பின் கண்ணாடி உருண்டை தெரிகிறது. அதே நெகட்டிவில், பத்தடி தள்ளி இருட்டில் கிடக்கும் மூட்டைகளின் சாக்குத் தையலும் தெரிகிறது. காயும்வரை பொறுக்காமல் லென்ஸை வைத்துப் பார்த்ததில், ஒரு பிரேமில் என் கட்டைவிரல் ரேகையும் தெரிகிறது.

இடம் மதுரை கீழமாசி வீதி, இரவு பதினொரு மணிக்கு மேல். பிலிம் ஹெச்பி5, கறுப்பு வெள்ளை, வேகம் 400. முதல் ரோலை மீட்டரில் 1600 என்று வைத்து, அதாவது வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, டெவலப்பரில் நேரத்தைக் கூட்டினேன். இரவுப் படம் என்றாலே இப்படி 'புஷ்' செய்ய வேண்டும் என்று யார் என் தலையில் ஏற்றினார்களோ! கூடிய நேரத்தில் கொழுத்தது பல்பும் பாய்லரின் பளபளப்பும்தான். வெளிச்சமே விழாத மூலையில் டெவலப்பர் எதைத் தோண்டி எடுக்கும்? டீ மாஸ்டரின் முகம் பாதி சுண்ணாம்பு, பாதி கரி.

அடுத்த இரண்டும் ரோடினால் என்ற டெவலப்பரில், ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர், ஒரு மணி நேரம் அசைக்காமல். கான்ட்ராஸ்ட் அடங்கியது, ஆனால் ஓரத்துத் துளைகளிலிருந்து வானத்துக்குள் கோடு கோடாக, பிலிம் கழுவப்படும்போது கசியும் புரோமைடு வழிந்த தடம். நடுவில் ஒருமுறை கவிழ்த்தும் பார்த்தேன். குறைந்ததே தவிரப் போகவில்லை.

இந்த முறை இரண்டு கரைசல். முதலாவது டி-23 என்ற டெவலப்பர்: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம். இரண்டாவது வெறும் வெங்காரம், டெவலப்பரை முடுக்கிவிடும் காரம் (போராக்ஸ்), லிட்டருக்கு 10 கிராம். வெங்காரத்துக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் கடையில் "எந்தப் பட்டறை தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். சல்பைட்தான் வம்பு. ஒரு கடையில் அதற்குப் பதிலாக சல்பைடைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பொட்டலத்தைத் திறந்ததும் வீடெங்கும் அழுகிய முட்டை நாற்றம்.

நிழலுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்க பிலிமை 200 என்று வைத்துக்கொண்டேன். நீண்ட நேரம் திறந்து வைத்தால் பிலிம் மந்தமாகிவிடும் என்பதால், மீட்டர் 8 விநாடி சொன்னால் ஹெச்பி5க்கு 15 விநாடி கொடுக்க வேண்டும். நிழலுக்காகக் கொடுக்கும் அந்த 7 விநாடியையும் பல்பு சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. அதைக் கழுவும்போதுதான் அடக்க வேண்டும். முதல் கரைசலை பிலிம் உறிஞ்சிக்கொள்கிறது. வெங்காரத்துக்குள் போனதும் பல்பு விழுந்த இடத்தில் உறிஞ்சிய டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்து நின்றுவிடும். நிழலில் தீராமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வெங்காரத்தில் டேங்கை எவ்வளவு அசைப்பது என்பதில்தான் இரண்டு வாரம் போனது. வழக்கம்போல் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் உறிஞ்சியதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், நெகட்டிவ் சோகை பிடித்ததுபோல் வெளுத்திருக்கும். சும்மா விட்டால் வானத்தில் தேமல். அதனால் வெளிச்சம் புகாத பிலிம் மாற்றும் பைக்குள் கையை விட்டு ரோலை மூன்றாக வெட்டி, மூன்று விதமாகப் பார்த்தேன். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம் இன்றும் வந்துகொண்டிருந்தால் அந்தக் கத்தரியைப் பிடித்த கை இவ்வளவு நடுங்கியிருக்காது. இப்போது ஒரு ரோல் விற்கும் விலைக்கு அது பாவக் காரியம்.

கடைசியில் சரியாக வந்தது இது: மண்பானைத் தண்ணீர் வைத்த பேசினில் 24 டிகிரி. முதல் கரைசலில் 4 நிமிடம், வழக்கமான அசைப்பு. வடித்துவிட்டு, நடுவில் தண்ணீர் விட்டு அலசாமல், வெங்காரத்தை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். மெதுவாக இரண்டு கவிழ்ப்பு, அடியில் ஒரு தட்டு. பிறகு நிமிடத்துக்கு ஒரே ஒரு கவிழ்ப்பு, எண்ணெய்க் குடத்தைச் சாய்ப்பதுபோல். மொத்தம் 4 நிமிடம். தட்ட மறந்த துண்டில் பாய்லரின் மேல் ஒரு குமிழி வட்டம் உட்கார்ந்திருக்கிறது.

தேமல் முழுதாக விட்டுப்போகவில்லை. கடைகளுக்கு மேலே வெறும் வானம் அதிகம் வரும் இரண்டு பிரேம்களில் லேசாக இருக்கிறது. வெங்காரத்தை 5 கிராமாகக் குறைத்துப் பார்க்க நினைக்கிறேன். அதற்குள் தை தெப்பத்துக்கு எஃப்பி4 என்ற இன்னொரு பிலிம் வாங்கி வைத்தாயிற்று. மாரியம்மன் தெப்பக்குளத்துத் தண்ணீரில் விழும் சீரியல் விளக்குகளை இந்த முறை தாங்குமா என்று பார்க்க வேண்டும். டீ மாஸ்டருக்குத் தருவதாகச் சொன்ன பிரிண்ட் இன்னும் போடவில்லை. நெகட்டிவில் கான்ட்ராஸ்ட் சற்று குறைவாக இருப்பதால், அதைக் கூட்டிக் காட்டும் 3ஆம் கிரேடு பேப்பர் கேட்கும்போலிருக்கிறது, என்னிடம் இருப்பதோ 2.